ஒரு மில்லிகிராம் குறைவு

"உடம்புக்குள்ள ஏதாவது மெட்டல் இருக்காம்மா? ஸ்க்ரூ, பிளேட், பேஸ்மேக்கர்? சின்ன வயசுல எதையாவது முழுங்கியிருக்கீங்களா?" என்று ஸ்கேன் சென்டர் பெண் அட்டையைப் பார்த்து வாசித்தபோது உலகம்மாள் கொஞ்சம் திணறித்தான் போனாள். என்னவென்று சொல்வது? ஒரு மில்லிகிராம் அலுமினியம், எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணி மாதத்திலிருந்து காணவில்லை, என் தலைக்குள்தான் போய் உட்கார்ந்திருக்கிறதோ என்று அறுபத்து இரண்டு வயதிலும் ஒரு சந்தேகம் என்று சொன்னால், இந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடும். "இல்லம்மா" என்றாள். அந்த விஷயத்தில் அவள் சொல்கிற பொய் இது எத்தனையாவது என்று அவளுக்கே தெரியாது. கம்மல், வளையல், சங்கிலி எல்லாம் கழற்றிக் கொடுத்தாயிற்று. மூக்குத்திதான் போன வருஷ ஸ்கேனுக்குத் தவிர நாற்பது வருஷமாகக் கழற்றாதது, தேங்காய் எண்ணெய் போட்டுத் திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அண்ணன் குற்றாலிங்கம் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வா, நான் இங்கனயேதான் இருக்கேன்" என்று சொன்னான். வலது பக்கம் வந்து நின்று சொன்னான். அவளுக்கு இடது காது மந்தமான நாளிலிருந்து யாரும் சொல்லாமலே அவன் வலது பக்கத்துக்கு மாறிவிட்டான், நடந்தாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி. இப்போது அவள் படுத்திருக்கிறாள். முகத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டு. கையில் ஒரு ரப்பர் பந்து, தாங்க முடியாவிட்டால் அமுக்கச் சொன்னார்கள். பலகை நகர்ந்து குழாய்க்குள் போனது. "இருபத்தஞ்சு நிமிஷம்மா. தலைய மட்டும் ஆட்டிராதீங்க" என்றது குரல், அப்புறம் டக் டக் டக் என்று யாரோ தகரக் கதவைத் தட்டுகிற மாதிரி ஆரம்பித்தது.

தலையை ஆட்டாதே என்றால்தான் கழுத்தில் அரிக்கும். அரிக்கட்டும். போன வருஷம் இதே மெஷினில் ஏழு மில்லி என்று வந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. "ஏழு மில்லிதானேம்மா, பயப்படாதீங்க, கெட்ட கட்டி இல்ல" என்று டாக்டர் சிரித்தார். "மெதுவா வளரும், வளராமலும் இருக்கும். வருஷா வருஷம் பார்ப்போம். பத்தத் தொட்டா ஆபரேஷன். ஆபரேஷன்னா அந்தக் காதுல மிச்சமிருக்கிற கேக்கிற சக்தியும் போயிடும், அத முதல்லயே சொல்லிடுறேன்." ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற விவகாரமாகிவிட்டது. ஏழு இருக்கலாம், எட்டு இருக்கலாம், பத்து வரக் கூடாது. மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்தேழு வருஷம் அந்த இடது காதில்தான் ஹெட்போன் மாட்டியிருந்தாள். பம்பாயில் புருஷன் இருமுவதைச் சிவகாசியில் பெண்டாட்டி கேட்டது அந்தக் காது வழியாகத்தான். "மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா?" என்று எத்தனை பேரின் அழுகைக்கு நடுவில் கேட்டிருப்பாள். அந்தக் காது போகப் போகிறதா? போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று மகள் பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். இருந்தாலும் உலகம்மாளுக்குக் கோபம் வந்தது. ஏழு மில்லி. எல்லாருக்கும் மில்லி என்றால் சின்ன விஷயம். மில்லியை மில்லி என்று விட்டுவிடுகிறார்கள், மீட்டரா கிராமா லிட்டரா என்று யாரும் சொல்வதில்லை. அப்பா இருந்திருந்தால் டாக்டரையே பிடித்திருப்பார். "ஏழு மில்லி என்ன? மில்லின்னா ஆயிரத்துல ஒண்ணு. எதுல ஆயிரத்துல ஒண்ணு? வாலச் சொல்லுதீரு, மாட்டக் காணுமே!" கடைத்தெருவில் இரண்டு கிலோ கத்திரிக்காய் என்று கேட்கிறவர்களை எல்லாம் நிறுத்தி, கிலோ என்ன, கிலோ என்ன என்று கேட்டு விருதுநகரில் பாதிப் பேரின் சாபத்தை வாங்கியவர் அவர். எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற ஆய்வாளர் பால்வண்ணம் வருகிறார் என்றால் தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார்கள்.

டக் டக் நின்றது. இப்போது உறுமல், தரையைத் துளைக்கிற மாதிரி. சேர், ராத்தல், வீசை எல்லாம் ஒழிந்து மெட்ரிக் வந்த நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் அப்பா. புதிதாக மதம் மாறியவனுக்கு இருக்கிற பக்தி அவருக்கு. ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள், ஆறு முன்னொட்டுகள் இருந்தன, விட்டாரா? பெரிய அண்ணன் கிலோ, இரண்டாவது அண்ணன் ஹெக்டோ, அக்கா டெகா. பிறகு டெசி, அவளும் அக்கா. அதற்கடுத்தது குற்றாலிங்கம், சென்டி. கடைசியாக இவள், மில்லி. மூன்று மேலே, மூன்று கீழே, நடுவில் அம்மா மீட்டர். "உங்கம்மாவ வச்சுத்தான் நீங்க பெருசும் சிறுசும். அவ இல்லன்னா உங்களுக்கு அர்த்தமே கிடையாது" என்பார். அம்மா ஒப்பனையம்மாளுக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியே "இந்த மனுசனுக்குக் கிறுக்கு" என்று முறைப்பு. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசை அழைப்பு. அது தப்பவே தப்பாது. "கிலோ." "இருக்கேன்." "ஹெக்டோ." "இருக்கேன்." யாராவது வராவிட்டால் அடுத்த படியில் இருக்கிறவர் அவருக்காக "வெளிய" என்று சொல்ல வேண்டும். "மீட்டர்" என்றால் அடுப்படியிலிருந்து, "இருக்கேன், இருக்கேன், நான் எங்க போவேன்" என்று குரல் வரும், கூடவே தாளிக்கிற வாசனையும் வரும். அந்தக் குரலை இப்போது இந்த உறுமலுக்கு நடுவில் உலகம்மாள் கேட்கிறாள். இடது காதில்தான் கேட்கிறது, சத்தியமாக. மேலே போகிறதுக்கெல்லாம் கிரேக்கப் பேர், கீழே இறங்குகிறதுக்கெல்லாம் லத்தீன் பேர் என்று அப்பா சோறு பிசைந்துகொண்டே சொல்வார். பிரெஞ்சுக்காரன் ராஜாவைத் தூக்கி எறிந்த கையோடு உட்கார்ந்து இதையும் செய்தானாம். அவன் வைத்த ஏணியில் கிலோவுக்கும் மேலே மிரியா என்று ஒரு படி இருந்ததாம், பத்தாயிரம். அதைப் பிற்பாடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். "எடுத்துட்டான்னா எடுத்துட்டான்தான். இன்னைக்கு அந்தப் பேரு யாருக்குத் தெரியும்?" என்று அப்பா சொல்லும்போது உலகம்மாளுக்கு மிரியா மேல் பாவமாக இருக்கும், சோறு கிடைக்காமல் வெளியே நிற்கிற பிள்ளை மாதிரி தோன்றும். இன்னொரு விதியும் உண்டு. இரண்டு முன்னொட்டை ஒன்றாக ஒட்டக் கூடாது. சென்டியும் மில்லியும் ஒரே பலகையில் ஒட்டி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்தால் அப்பா அதட்டுவார். "சென்டிமில்லின்னு ஒண்ணு கிடையாது. தள்ளி உக்காருங்க!" எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டு பேரும் ஒரு விரற்கடை தள்ளி உட்காருவார்கள், அடுத்த கவளத்துக்குள் மறுபடி ஒட்டிக்கொள்வார்கள்.

"அடுத்தது நாலு நிமிஷம்மா. நல்லாத்தான் படுத்திருக்கீங்க" என்றது குரல். நல்லாத்தான் படுத்திருக்கிறாள். கடைசிப் பிள்ளை, அதனால் மில்லி, அதனால் எல்லாருக்கும் இளப்பம். ஒரு நாள் கிலோ அண்ணன், "நீ ஆயிரம் பேரு சேர்ந்தாத்தான் ஒரு அம்மா, பத்து லட்சம் பேரு சேர்ந்தாத்தான் ஒரு நான்" என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட, அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் மடியில் வைத்துக்கொண்டது அபூர்வம், சட்டையில் பித்தளை பாலிஷ் வாசனை அடித்தது. "ஏட்டி, கிலோன்னாலும் ஆயிரந்தான், மில்லின்னாலும் ஆயிரந்தான். ஒண்ணு கிரேக்கம், இன்னொண்ணு லத்தீன். அவன் மேல பார்த்த ஆயிரம், நீ கீழ பார்த்த ஆயிரம். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. அவன்கிட்ட போய்ச் சொல்லு" என்றார். பிறகு காதோடு காதாக, அந்த இடது காதோடு, "உன் ஆளு ஆபீஸ் பெட்டிக்குள்ள இருக்கு. ஒரு மில்லிகிராம். அது சரியா இருந்தாத்தான் இந்த ஜில்லாவே சரியா இருக்கும்" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தானே அவள் பார்க்க ஆசைப்பட்டாள். ஆபீஸ் முன்கட்டு, வீடு பின்கட்டு. அப்பா மத்தியானம் கண்ணயர்ந்த நேரம். சாவி ஆணியில் தொங்கியது. வெல்வெட் குழிகளில் பித்தளை எடைகள் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கி, கடைசி வரிசையில் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் இலை மாதிரி மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை பிடிப்பதற்காக மடங்கியிருக்கும். கையால் தொட்டால் விரல் வியர்வையே எடை கூட்டிவிடும் என்பதற்காக ஆசாரி வைத்திருக்கிற மாதிரி ஒரு சாவணம், சின்ன இடுக்கி. ஒன்பது வயதுப் பெண் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாவணத்தால் எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. கண் பார்த்தது, கைக்குத் தெரியவில்லை. நான் இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும்? விட்டாள். உள்ளங்கை காலியாக இருந்தது.

தேடினாள். தரையில் எச்சில் விரலால் ஒற்றி ஒற்றிப் பார்த்தாள், பாவாடையை உதறினாள், உதறியது அதைவிடப் பெரிய தப்பு. மூச்சை உள்ளே இழுத்தபோது போய்விட்டதோ என்று தொண்டையைத் தடவிப் பார்த்தாள். காதுக்குள் போயிருக்குமோ? போன வருஷம் டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து, இதோ என்று ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டியபோது அவளுக்கு முதலில் தோன்றியது கட்டி என்று அல்ல. அட, இங்கேயா இருந்தாய் என்றுதான். அலுமினியம் வளராது, அது தெரியும், தெரிந்தும் என்ன? அன்றைக்கு அவள் தேடிக்கொண்டிருந்தபோதே சென்டி உள்ளே வந்தான். பதினோரு வயது, கையில் பம்பரக் கயிறு. திறந்த பெட்டியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சாவணத்தை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான். அப்பா எழுந்து வந்தபோது, "நான்தான்ப்பா" என்றான். அவ்வளவு லேசாகச் சொன்னான். சேட்டைக்காரன் என்று பெயர் எடுத்தவன், அதனால் அப்பா மறுகேள்வி கேட்கவில்லை. மறுநாள் காலையில் பெட்டி சரிபார்க்க மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. போயிற்று. "ஒரு மில்லிகிராம் குறைவு" என்று எழுதி வந்தது, மெமோ வந்தது, இரண்டு மாதத்தில் ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. உலகம்மாள் இந்தக் குழாய்க்குள் மறுபடி மறுபடி முட்டிக்கொள்வது அது தொலைந்த அன்றைக்குச் சாயங்காலத்தில். அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்கு எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வழக்கம் போல உட்கார்ந்து வரிசை அழைத்தார். கிலோ, ஹெக்டோ, டெகா, மீட்டர், டெசி. அப்புறம் ஒரு மூச்சு விட்டார். "மில்லி" என்றார். பெயிலான எடைக்கல்லில் முத்திரை இருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும், அது அவர் தொழில். சென்டி அங்கேயேதான் இருந்தான், தட்டுக்கு முன்னால், "இருக்கேன்" என்பதற்காக வாயைத் திறந்தபடி. நீட்டிய கையில் ஒன்றும் விழாத மாதிரி அந்த வாய் மூடியது. எல்லாரும் உலகம்மாளைப் பார்த்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள், "இருக்கேன்" என்றாள்.

பலகை வெளியே நகர்ந்தது. "மருந்து ஏத்தப் போறேன்மா, பத்து மில்லி. கை கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், எழுந்திரிக்கக் கூடாது." பத்து. அந்த எண்ணை இந்தப் பெண் வேறு வாயில் சொல்ல வேண்டுமா? குளிர் முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது, நாக்கில் பித்தளைச் சாமானை நக்கின மாதிரி ஒரு ருசி. மறுபடி உள்ளே. அன்றைக்குப் பிறகு அப்பா அவனைக் குற்றாலிங்கம் என்று முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், மரியாதையாக, ஆபீசில் கூப்பிடுகிற மாதிரி. முதலில் பயத்தில் மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. சென்டி என்ற பெயர் மிரியா போன வழியே போய்விட்டது. அவன் மின்வாரியத்தில் சேர்ந்து கிலோவோல்ட், மெகாவாட் என்று பெரிய பெரிய முன்னொட்டுகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றான். கிலோ அண்ணனுக்கு மகன் பிறந்தபோது அப்பா சந்தோஷத்தில் மெகா என்று பெயர் வைத்தார், அடுத்தவன் கிகா, கிகா என்றால் ராட்சசன். நானோ என்று ஒன்று இருக்கிறதே தாத்தா என்று கேட்டதற்கு, "அது குள்ளன், என் பேரனுக்கு வைக்க மாட்டேன்" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோனா, குவெட்டா என்று மேலே இன்னும் இரண்டு படி போட்டிருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தபோது, அப்பா இருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் பிரதி எடுத்துத் தெருவெல்லாம் கொடுத்திருப்பாரே என்று அவளுக்கு அழுகை வந்தது. நல்ல மனுஷன். நல்ல மனுஷன்தான், அதுதானே கஷ்டம். தொண்ணூற்றெட்டில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது, ஒரு சாயங்காலம் தானாக வரிசை அழைத்தார். நாக்குக் குழறியது, இருந்தாலும் வரிசை பிசகவில்லை. டெசி என்றார். கால்மாட்டில் குற்றாலிங்கம் நின்றிருந்தான், அவர் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டு. பிடித்துவிடுகிற கை அப்படியே நின்றதை உலகம்மாள் பார்த்தாள். அப்பா ஒரு மூச்சு விட்டார். "மில்லி" என்றார். அன்றைக்கும் அவள், "இருக்கேன்ப்பா" என்றாள். செத்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது என்று நினைத்துக்கொண்டாள். பொய். பயந்தாள், அவ்வளவுதான். தன் பெயர் போய்விடும் என்று முப்பத்தாறு வயதிலும் பயந்தாள்.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? அவனிடம் சொன்னால், அவனுக்குத்தான் தெரியுமே. தெரிந்தவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஆனாலும் சொல்ல வேண்டும், இன்றைக்குச் சொல்ல வேண்டும், ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பத்து என்று வந்த பிறகு சொன்னால், பாவம் சீக்காளி, பயத்தில் பிதற்றுகிறாள் என்று ஆகிவிடும். ஏழு என்று வந்துவிட்டால் அவளைப் பற்றி அவளுக்கே தெரியும், பிழைத்தோம் என்று இட்லி சாப்பிடப் போய்விடுவாள், இன்னொரு வருஷம் ஓடிவிடும். அவனுக்கு அறுபத்து நாலு. எண் வருவதற்கு முன்னால், எத்தனை மில்லி என்று தெரியாத இந்த அரை மணி நேரத்துக்குள். சொல்வது கூட இல்லை, கூப்பிட வேண்டும். ஐம்பத்து மூன்று வருஷமாக யாரும் கூப்பிடாத பெயரைக் கூப்பிட வேண்டும், வாய் வருமா? அவன் "அதெல்லாம் எதுக்குட்டி இப்ப" என்று சிரித்து ஒதுக்கிவிட்டால்? மெஷின் சட்டென்று ஓய்ந்தது. அமைதியில் இரண்டு காதும் கொய்ங் என்றன, இடது காதும்தான், அதுவும் இன்னும் இருக்கிறது. ரப்பர் பந்தை அவள் நசுக்கி வைத்திருந்தாள், ஆனாலும் யாரும் வரவில்லை, முடிந்துவிட்டது போலிருக்கிறது.

"அரை மணி நேரத்துல ரிப்போர்ட் குடுத்துருவோம், வெளில உக்காருங்கம்மா." வெளியே வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள். அவன் எழுந்து, அவளை உட்கார வைத்து, வலது பக்கம் வந்து உட்கார்ந்தான். கைக்குட்டையை அவிழ்த்தான். "முதல்ல மூக்குத்தியப் போடு, மூஞ்சி மொட்டையா இருக்கு." அவள் வாங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "கிலோ" என்றாள். "என்னட்டி? அண்ணன் ஞாபகமா?" கிலோ அண்ணன் போய் மூன்று வருஷம். அவள் மறுபடியும், அப்பா சொல்கிற மாதிரி கடைசி எழுத்தை இழுக்காமல், "கிலோ" என்றாள். அவன் கை மூக்குத்தியோடு அப்படியே நின்றது, அன்றைக்கு அப்பாவின் கால்மாட்டில் நின்ற அதே கை. மூக்குத்தியை மறுபடி கைக்குட்டைக்குள் வைத்து மூடினான். அப்புறம், "வெளிய" என்றான்.

"ஹெக்டோ."

"கோயமுத்தூர்ல... வெளிய."

"டெகா." அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். "வெளிய." "மீட்டர்." அதற்கு அவன் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "வெளிய" என்றான். "டெசி." "வெளிய." அடுத்த பெயர் அவள் நாக்கில் இருந்தது. அதைப் போடாமலே இத்தனை வருஷம் ஓடிய வரிசை, இப்போதும் ஒரு மூச்சு விட்டுத் தாண்டிவிடலாம் என்றது. "சென்டி" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காதோரமெல்லாம் நரை. "அப்பாதானட்டி கூப்பிடணும் அத" என்றான், பதினோரு வயதுக் குரலில்.

"அப்பா வெளிய" என்றாள் உலகம்மாள். "தொலைச்சவ நான். ரெண்டு தரம் சொல்லியிருக்கலாம், ரெண்டு தரமும் சொல்லாம இருந்துட்டேன். நான் கூப்பிடுதேன்ணே. சென்டி."

"இருக்கேன்" என்றான்.

சொல்லிவிட்டு வெகுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பிறகு வரிசை பாதியில் நிற்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, அவள் வலது காதுப் பக்கம் குனிந்து, "மில்லி" என்றான். அவள் எழுந்து, அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். "இந்தப் பக்கம் சொல்லு" என்று இடது காதைக் காட்டினாள். "அந்தக் காதுல உனக்குக் கேக்காதுல்லா" என்றான் அவன். "கொஞ்சம் கேக்கும். கிட்ட வந்து சொல்லு." அவன் கிட்ட வந்து சொன்னான். கேட்டது. தூரத்து டிரங்க் கால் லைனில் வருகிற குரல் மாதிரி, இரைச்சலுக்கு நடுவில், ஆனால் கேட்டது.

"இருக்கேன்" என்றாள்.

உள்ளேயிருந்து யாரோ, "உலகம்மாள் யாரு? ரிப்போர்ட் ரெடி" என்று கூப்பிட்டார்கள். தோளோடு தோள் இடித்தபடி உட்கார்ந்திருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சென்டிமில்லின்னு ஒண்ணு கிடையாது. தள்ளி உக்காரு" என்றான். அவள் தள்ளி உட்காரவில்லை. அவனும் நகரவில்லை.